மூன்று பேருக்கு ஓர் அறை: முதலில் தரையைக் கணக்கெடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி திறக்கும் பருவம் வந்தால், ஹாஸ்டல் அறைக்கான 'ஒன்றில் இரண்டு' சாமான்களின் விளம்பரமும் கூடவே வந்துவிடும். விரித்தால் கட்டில், மடித்தால் சோபா. மூடினால் ஸ்டூல், திறந்தால் பெட்டி. சுவரில் சாத்தினால் கண்ணாடி, இறக்கினால் மேசை. கட்டிலும் மேசையும் செய்து விடுதிகளுக்குக் கொடுக்கும் தொழிலில் இருப்பவர்கள் நாங்கள். இவற்றில் எது ஓராண்டு தாங்கும், எது ஆடி மாதம் வாங்கினால் தை மாதம் மொட்டைமாடிக்குப் போகும் என்பதைப் பெற்றோருக்கும், அவர்களைவிட முக்கியமாக விடுதி நடத்துகிறவர்களுக்கும் அளவுகளோடு சொல்ல வேண்டும் என்றே இதை எழுதுகிறோம்.

பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 120 சதுர அடி, மூன்று மாணவர்கள். கடையில் கிடைக்கும் ஆறேகால் அடிக்கு மூன்றடி கட்டில் மூன்று போட்டால் 56 சதுர அடி போய்விடும். மூன்றடிக்கு இரண்டடி மேசை மூன்றுக்கு 18, பீரோ மூன்றுக்கு 13 அல்லது 14, நாற்காலிகளுக்கு 7. ஆக 95 சதுர அடி சாமான். மிச்சம் 25. அதிலும் மூன்றடிக் கதவு உள்பக்கம் திறக்க 7 சதுர அடி வேண்டும். மூன்று பேர் நடக்க, குனிய, பெட்டியைத் திறக்க, துணி மாற்ற எல்லாம் 18 சதுர அடிதான். அறை சிறியது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அறையில் முக்கால் பங்குக்கு மேல் சாமான் நிற்கிறது என்பதை யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை.

இந்த நெருக்கடிக்கு மடக்குச் சாமான்தான் மருந்து என்று நினைத்து வாங்குகிறார்கள். ஒரு பொருளுக்கு இரண்டு வேலை கொடுப்பதில் தவறில்லை. ஆனால் அந்த இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் தேவைப்படக் கூடாது. அல்லது, ஒரே நேரத்தில் நடந்தாலும் ஒன்றை ஒன்று தடுக்கக் கூடாது. மூன்று பேர் இருக்கும் அறையில் ஒருவர் பத்து மணிக்கே படுப்பார், இன்னொருவர் இரண்டு மணி வரை படிப்பார், மூன்றாமவர் காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க ஐந்தரைக்கே பெட்டியைத் திறப்பார். படுக்கையை மடித்தால்தான் மேசை இறங்கும் என்ற அமைப்பு அங்கே முதல் வாரத்திலேயே தோற்றுப்போகும்.

சண்டிகரை வடிவமைத்த லெ கொர்பூசியே 1952-இல் பிரான்சின் தென்கடற்கரையில் தனக்கென ஒரு குடில் கட்டிக்கொண்டார். உள்ளே 3.66 மீட்டருக்கு 3.66 மீட்டர், அதாவது பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டு. கட்டிலுக்கு அடியில் இழுப்பறை, உட்கார மரப்பெட்டி, சுவரோடு சேர்ந்த மேசை. சிறிய அறை என்றாலே உள்ளமைப்புக்காரர்கள் இந்தப் படத்தைத்தான் காட்டுகிறார்கள். அது கோடையில் வந்து தங்க ஒரு கட்டடக் கலைஞர் தன் பழக்கத்துக்கு ஏற்பச் செய்துகொண்ட இடம். ஆளுக்கொரு நேரத்தில் தூங்கி எழும் மூன்று பேருக்கு அதை அப்படியே எடுத்துவர முடியாது.

மடக்குக் கட்டிலில் வேறொரு சிக்கலும் உண்டு. சுவரோடு நிமிர்த்திச் சாத்தும் கட்டிலில், தூக்கி இறக்கும்போது பாரத்தைத் தாங்கிக்கொள்ள கேஸ் ஸ்பிரிங் இருக்கும். பலகை, மெத்தை இரண்டின் எடையையும் கணக்கிட்டுத்தான் அந்த ஸ்பிரிங்கைப் பொருத்துவார்கள். விடுதியில் ஆண்டுக்கு ஆண்டு ஆள் மாறும், மெத்தையும் மாறும். கனமான தேங்காய்நார் மெத்தை இருந்த இடத்தில் லேசான ஃபோம் மெத்தை வந்தால், பூட்டை எடுத்ததும் கட்டில் தானாகவே மேலே எகிறும். மாறாக மெத்தை கனத்தால், இறக்கும்போது கையை மீறி விழும். சோபா கட்டிலில் கீல் இருக்கும் இடத்தில் மெத்தை இரண்டாகப் பிரியும். அந்தப் பள்ளம் சரியாக இடுப்புக்குக் கீழே வரும். உறவினர் வந்தால் போட இவை சரிதான். தினமும் படுக்க வேண்டாம்.

சுவரில் மடங்கும் மேசையைப் பற்றியும் இதையேதான் சொல்வோம். மாணவர் மேசை ஒருநாளும் காலியாக இருக்காது. லேப்டாப், நோட்டு, தண்ணீர் பாட்டில், சார்ஜர் எல்லாவற்றையும் எடுத்துவைத்த பிறகே மடக்க முடியும் என்றால் யாரும் மடக்க மாட்டார்கள். மடக்காத மடக்கு மேசை என்பது பலமில்லாத சாதாரண மேசைதான். மேலே முழங்கையை ஊன்றி ஊன்றிக் கீல் ஸ்குரூ தளரும், முன்விளிம்பு சரியும், ஒருநாள் பேனா உருண்டு விழும்போதுதான் தெரியும்.

அப்படியானால் என்னதான் செய்யலாம்? அதே 120 சதுர அடியில் அசையாத, எளிய சாமான்களை இப்படி வைத்துப் பாருங்கள். பத்தடிச் சுவர் ஒன்றின் நடுவில் கதவு, எதிர்ச் சுவரில் சன்னல் என்று கொள்வோம். கட்டில் அகலத்தை மூன்றடியிலிருந்து இரண்டரை அடியாகக் குறையுங்கள். 30 அங்குல அகல மெத்தை கடையிலேயே கிடைக்கிறது. கதவுப் பக்க மூலையில் ஒரு நீளச் சுவரோடு இரண்டடுக்குக் கட்டில், எதிர்ச் சுவரோடு ஒற்றைக் கட்டில். இரண்டுக்கும் நடுவில் ஐந்தடி வழி. கதவு ஒற்றைக் கட்டில் பக்கம் மடங்கட்டும். கட்டில்கள் முடியும் இடத்திலிருந்து சன்னல் சுவர் வரை ஐந்தடி ஒன்பது அங்குலம் மிச்சம் இருக்கும். சன்னலுக்குக் கீழே, சுவருக்குச் சுவர் பத்தடி நீளத்துக்கு, 20 அங்குல ஆழத்தில் ஒரே மேசைப் பலகை. மேசைக்கும் கட்டிலுக்கும் இடையில் ஒரு பக்கச் சுவரோடு 16 அங்குல அகலம், 18 அங்குல ஆழத்தில் மூன்று லாக்கர். லாக்கர் மறைக்கும் ஒன்றரை அடி போக, மேசையில் எட்டரை அடி உட்காரும் நீளம் கிடைக்கும். ஆளுக்கு இரண்டடி பத்தங்குலம். லாக்கருக்குப் பின்னால் போகும் மேசை மூலை வீணில்லை, மூவருக்கும் பொதுவான புத்தகமும் ரௌட்டரும் அங்கே இருக்கும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். கட்டில்கள் 31, மேசை 17, லாக்கர் 6. மொத்தம் 54 சதுர அடி. நாற்காலி கையில்லாததாக இருந்தால் மேசைக்கடியில் போய்விடும். தரை 66 சதுர அடி காலி. துணி மடிக்க, உடற்பயிற்சி செய்ய, கூட்டமாக உட்கார்ந்து சாப்பிட, ஊரிலிருந்து அப்பா வந்தால் பாய் விரிக்க அந்த இடம் போதும். அறையில் உண்மையிலேயே பல வேலை செய்வது இந்தக் காலித் தரைதான்.

இரண்டடுக்குக் கட்டில் என்றதும் மின்விசிறியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் ஊர் அறைகளுக்கு வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துக் கட்டில் செய்தால் வரும் பெரிய ஆபத்து இதுதான். அங்கே கூரையில் விசிறி இருப்பது அரிது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு அறை உயரம் குறைந்தது 2.75 மீட்டர் வேண்டும் என்கிறது, அதாவது ஒன்பதடி. ஒன்பதடி அறையில் விசிறி இறக்கை ஏறத்தாழ எட்டடியில் சுற்றும். கட்டில் கணக்கைப் பாருங்கள்: கீழ்க்கட்டில் அடியில் பெட்டி போக 14 அங்குல இடைவெளி, சட்டமும் பலகையும் 2, மெத்தை 4. உட்காரும் உயரம் 20 அங்குலம். தலை இடிக்காமல் உட்கார அதற்குமேல் 36 அங்குலம் வேண்டும். மேல்பலகையும் மெத்தையும் சேர்ந்தால் மேலே படுப்பவர் 62 அங்குலத்தில் இருப்பார். அவர் எழுந்து உட்கார்ந்தால் உச்சந்தலை எட்டடி இரண்டங்குலத்துக்கு வரும். இறக்கையும் அதே மட்டம்தான்.

1200 மில்லிமீட்டர் விசிறி அறையின் நடுவில் இருந்தால் இறக்கை நுனி சுவரிலிருந்து மூன்றடியில் வரும். மூன்றடி அகலக் கட்டில் என்றால் விளிம்புக்கும் நுனிக்கும் இடைவெளியே இல்லை. இரண்டரை அடிக் கட்டிலில் ஆறங்குலம் கிடைக்கும், ஆனால் தூக்கத்தில் நீட்டும் கைக்கு ஆறங்குலம் எம்மாத்திரம்? எனவே பத்தடிக்குக் குறைந்த உயரமுள்ள அறையில் இரண்டடுக்குக் கட்டில் போடுவதானால் கூரை விசிறியைக் கழற்றிவிட்டு, 400 மில்லிமீட்டர் சுவர் விசிறி இரண்டை ஏழடி உயரத்தில் மாட்டுங்கள். உயரம் கூடுதலாக இருந்து விசிறியை வைத்துக்கொள்வதானால், மேல்கட்டிலின் தலைமாடு கதவு மூலையில் இருக்க வேண்டும். ஏணியும் தலைமாட்டுப் பக்கமே வர வேண்டும். பட்டறைகள் பழக்கத்தில் ஏணியைக் கால்மாட்டில் பற்றவைத்துவிடுகின்றன. அறையின் நடுவே, நேராக விசிறிக்கடியில், ஏறுகிறவரின் தலை போய் நிற்கும்.

கட்டிலைச் செய்யும் முறையும் முக்கியம். நிற்கும் கால்களுக்கு ஒன்றரை அங்குலச் சதுரக் குழாய், 1.6 மில்லிமீட்டர் கனம், அதாவது 16 கேஜ். விலை குறைக்க, அதைவிட மெல்லிய 20 கேஜ் குழாயில் செய்தவை முதல் பருவத் தேர்வுக்குள் ஆடத் தொடங்கும், மேலே ஒருவர் புரண்டால் கீழே இருப்பவருக்கு விழிப்பு வரும். பக்கவாட்டில் ஒரு குறுக்குச் சட்டமும், சுவரோடு இரண்டு ஆங்கர் போல்ட்டும் போட்டால் ஆட்டம் நின்றுவிடும். மேல்பலகை 12 மில்லிமீட்டர் பிளைவுட், அடியில் அடிக்கொரு குறுக்குக் குழாய். பலகையில் அரை அடிக்கு ஒன்றாக ஓரங்குலத் துளை போடுங்கள். துளை இல்லாவிட்டால் வியர்வையும் மழைக்கால ஈரமும் தேங்கி மெத்தையின் அடிப்பக்கம் பூஞ்சை பிடிக்கும். தடுப்புக் கம்பி மெத்தைக்கு மேல் ஆறங்குலமாவது எழும்ப வேண்டும். நாலங்குல மெத்தைக்கென்று அளந்து செய்துவிட்டு, பிறகு எட்டங்குல மெத்தை வாங்கிப் போட்டால் தடுப்பு இருந்தும் இல்லாததுபோல்தான். மெத்தையின் உச்ச அளவைக் கட்டிலிலேயே பெயின்டில் எழுதிவைப்பது நல்லது. ஏணிப்படி உருண்டைக் கம்பியாக இருந்தால் பாதம் வலிக்கும். மூன்றங்குலப் பட்டையாக இருக்கட்டும். குழாய்களின் திறந்த முனைகளை அடைத்துவிடச் சொல்லுங்கள். மூட்டைப்பூச்சி முதலில் குடியேறும் இடம் அதுதான், உள்ளே போய்விட்டால் எந்த மருந்தும் எட்டாது.

மேசைக்கு 18 மில்லிமீட்டர் பிளைவுட் ஒரே ஒரு தாள் போதும். கடையில் பி.டபிள்யூ.ஆர்., அதாவது ஈரம் தாங்கும் வகை என்று கேளுங்கள். எட்டுக்கு நாலடித் தாளை நீளவாக்கில் அறுத்தால் 20 அங்குலத்தில் இரண்டு பட்டை வரும், எட்டங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக மூன்றாவது பட்டை மிஞ்சும். முதல் பட்டையில் ஐந்தடி எட்டங்குலம், இரண்டாவதில் நாலடி நாலங்குலம் வெட்டினால் பத்தடி. இந்த இணைப்பு இரண்டாம், மூன்றாம் இருக்கைகளுக்கு நடுவில் சரியாக வரும். அங்கே எப்படியும் ஒரு தாங்கி வேண்டும், அதுவே இணைப்பையும் தாங்கும். மிஞ்சிய எட்டங்குலப் பட்டை சன்னலுக்குப் பக்கத்தில் புத்தகத் தட்டாகும். இரண்டடி பத்தங்குலத்துக்கு ஒரு தாங்கி இருந்தாலும், முன்விளிம்பில் இரண்டங்குல மரச்சட்டம் ஒன்றை நிறுத்தி ஒட்டுங்கள். தொய்வு வராது. ஒட்டுகிற பிளாஸ்டிக் விளிம்பு மணிக்கட்டு வியர்வையில் உரிந்துவிடும், மரம் அப்படி உரியாது. மேல்புறம் மட்டும் லேமினேட் ஒட்டினால் பலகை வளையும், அடிப்புறமும் மெல்லிய தாள் ஒன்று ஒட்ட வேண்டும். தச்சரிடம் சொல்லாவிட்டால் இதை விட்டுவிடுவார்கள். மேசை உயரம் இரண்டடி ஐந்தங்குலம்.

சுவரைத் துளைக்கக் கூடாது என்று சொல்லும் வீட்டு உரிமையாளர்கள் உண்டு. அங்கே கால் வைத்த இரும்புச் சட்டத்தின்மேல் இதே பலகையைப் போடலாம், காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம். துளைக்கலாம் என்றால் சுவர் எதனால் ஆனது என்று முதலில் தட்டிப் பாருங்கள். செங்கல் சுவரில் நாலங்குல ஆங்கர் போல்ட் நன்றாகப் பிடிக்கும், இணைப்புக் காரையில் விழாமல் கல்லின் நடுவில் இறங்க வேண்டும். இப்போது பல விடுதிகள், உள்ளே காற்றுக் குமிழ்கள் நிறைந்த லேசான ஏ.ஏ.சி. கான்கிரீட் பிளாக்கில் கட்டப்படுகின்றன. சாதாரணப் பிளக்கும் ஸ்குரூவும் அதில் பிடிக்காது, கழன்று தூளோடு வரும். அதற்கென்று தனி ஆங்கர் உண்டு. அதோடு, தாங்கியை நேராகச் சுவரில் பதிக்காமல், நீளமான ரீப்பர் சட்டத்தை முதலில் பல இடத்தில் முடுக்கி, அதன்மேல் தாங்கியைப் பொருத்தினால் பாரம் பரவும்.

மலிவு என்பதற்காகப் பார்ட்டிகிள் போர்டு மேசை, அலமாரி வாங்கிக் கொடுக்கும் விடுதிகளுக்கு ஒரு வார்த்தை. தினமும் ஈரத் துடைப்பம் போடும் நம் தரையில் அதன் கால் உப்பிவிடும். உப்பிய பலகையில் ஸ்குரூ நிற்காது. மூன்றாண்டில் இரண்டாம் முறை வாங்க வேண்டிவரும்.

பெட்டி விஷயத்தில் கட்டிலுக்கடி போதும். மூடியைத் தூக்கினால் உள்ளே சேமிப்பு என்ற பெட்டிக் கட்டில் வேண்டாம். மேலே ஒருவர் தூங்கும்போது திறக்க முடியாது, காற்றில்லாமல் துணி நாறும், பல்லியும் கரப்பானும் சுகமாக இருக்கும். 14 அங்குல இடைவெளியில் ட்ரங்குப் பெட்டியும் போகும், பெரிய டிராலி சூட்கேஸும் படுக்கவைத்தால் போகும். இழுக்கும் பெட்டி செய்வதானால் 11 அங்குல உயரத்தில், நேராக மட்டும் ஓடும் ரப்பர் சக்கரம் போடுங்கள். எல்லாப் பக்கமும் திரும்பும் சக்கரம் கட்டில் காலில் குறுக்கே மாட்டிக்கொள்ளும். இரண்டடுக்குக் கட்டிலின்கீழ் இரண்டு பெட்டி, ஒன்று மேலே படுப்பவருக்கு. இதை வார்டன் முதல் நாளே பிரித்துக் கொடுத்துவிட்டால் சண்டை குறையும். லாக்கரில் ஹேங்கர் கம்பி வேண்டாம். சட்டையை மாட்ட உள்ளே 22 அங்குல ஆழம் வேண்டும், நம்மிடம் இருப்பது 18. மடித்து வைக்கத் தட்டும், கதவின் உள்பக்கம் மூன்று கொக்கியும் போதும். பெட்டி ஸ்டூல் உட்கார்ந்து ஷூ மாட்டத்தான். நாலு மணி நேரம் படிக்கிறவருக்கு முதுகு சாயும் நாற்காலி தேவை, அதில் சிக்கனம் கூடாது.

விளக்கும் மின்சாரமும் இந்த அமைப்பில் அடக்கம். கூரையில் ஒரே டியூப்லைட் என்றால் ஒருவர் படிக்க மூவரும் விழித்திருக்க வேண்டும். மேசையில் ஆளுக்கொரு 5 அல்லது 7 வாட் எல்.இ.டி. விளக்கு, வலக்கைக்காரருக்கு இடப்பக்கம். மேல்கட்டிலில் நாலங்குலத் தட்டும் ஒரு பிளக் பாயின்ட்டும் இல்லாவிட்டால், கீழிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயர் தொங்கத்தான் போகிறது. லேப்டாப், போன், விளக்கு எல்லாம் சேர்ந்து ஒருவருக்கு 100 வாட் அளவுதான். ஆனால் 1500 வாட் கெட்டிலை 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷனில் செருகினால் ஆறரை ஆம்பியர் இழுக்கும், பாக்ஸ் உருகும். தடை போர்டு எழுதிவைப்பதைவிட, தளத்துக்கு ஒரு பொது மூலையில் 16 ஆம்பியர் பாயின்ட்டும் கெட்டிலும் வைத்துவிடுவது மேல்.

காற்றுக்கு வருவோம். ஈரவெப்பப் பகுதியில் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு சன்னல் திறப்பு இருக்க வேண்டும் என்கிறது அதே விதித்தொகுப்பு, கதவைச் சேர்க்காமல். 120 சதுர அடிக்கு 20 சதுர அடி. நாலுக்கு ஐந்தடிச் சன்னல். அதன் பாதியை மறைத்து பீரோவை நிறுத்தினால் விதியும் போச்சு, காற்றும் போச்சு. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்துக்காகக் கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்து, 1930-களின் இறுதியில் கட்டத் தொடங்கிய கோல்கொண்டே விடுதியைக் கட்டடக்கலை மாணவர்கள் அறிவார்கள். வெளிச்சுவர் முழுக்கத் திறந்து மூடும் கிடைச் சட்டங்கள், அறைக்குத் தேக்குச் சட்டங்களால் ஆன நகரும் கதவு. கதவைச் சாத்தினாலும் காற்று வரும், உள்ளே இருப்பவர் வெளியே தெரிய மாட்டார். ஒரே பொருள் இரண்டு வேலை, இரண்டும் ஒரே நேரத்தில், மடக்கவோ இழுக்கவோ அவசியமில்லை. விடுதிக் கதவின் மேல்பாதியிலாவது இப்படிச் சட்டம் போடுவது இன்றைய தச்சருக்குக் கடினமான வேலையல்ல.

சமூகநீதி விடுதிகள் என்று 2025 முதல் அழைக்கப்படும் அரசு மாணவர் விடுதிகளுக்கு டெண்டர் மூலம்தான் கட்டில் வாங்கப்படுகிறது. அந்த டெண்டரில் எண்ணிக்கையோடு குழாயின் கேஜ், தடுப்புக் கம்பியின் உயரம், ஏணி வரும் பக்கம், அறையில் கூரை விசிறியின் இடம் ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்தும் 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஆய்வுக்கு வரும் அதிகாரிகளும் மேல்கட்டிலில் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கலாம். தனியார் விடுதிகள் முன்பணம் வாங்கும்போதே அறையின் அளவுப்படத்தைக் கொடுக்கட்டும்: நீளம், அகலம், உயரம், கதவு, சன்னல், பிளக் பாயின்ட், விசிறி.

படம் கிடைக்காத இடத்தில் பெற்றோர் டேப்பைக் கொண்டுபோய் அளக்கும்போது, சன்னல் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதையும் சன்னலின் அடிமட்டம் தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய கட்டடங்களில் உள்பக்கம் திறக்கும் மரக்கதவு உண்டு. மேசைமேல் நிமிர்ந்து நிற்கும் லேப்டாப் திரை ஏறத்தாழ ஒன்பதங்குல உயரம் இருக்கும். சன்னல் அடிமட்டம் மூன்றடியில் இருந்தால் கதவு அதில் இடிக்கும். அங்கே சன்னல் கதவைக் கழற்றி வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்ற வேண்டும். கம்பி வெளிப்பக்கம் பதித்திருந்தால் அதுவும் முடியாது. நகரும் கதவுதான் போட வேண்டியிருக்கும். அந்தச் செலவு யாருடையது என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மரவேலை மற்றும் வெல்டிங் தொழிலில் உள்ள வாசகர்கள்,
கோயம்புத்தூர்.